பின்சுவருக்கு அப்பால் பள்ளம்

அக்டோபர் 13, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல் பக்கம் மேகம், மழை இல்லை. துவைக்க: மீனாவின் யூனிஃபார்ம், இரண்டு போர்வை. தீபாவளிக்கு முறுக்கு மாவு இன்னும் அரைக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் பழைய தியேட்டர் இருந்த இடத்தில் பள்ளம் இன்னும் ஆழம். ஏதோ கம்பெனி பதினான்கு மாடி கட்டுகிறதாம். அடியில் கார் நிறுத்த இரண்டு தளம். ஊறும் தண்ணீரை ஓயாமல் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். எங்கள் கிணற்றில் சேறுதான். மொட்டை மாடியிலிருந்து துறைமுகக் கிரேன் தெரியும். இப்போது நடுவில் இவர்களுடைய கிரேன்.

15, புதன்

மீனா குளியலறையில் மாட்டிக்கொண்டாள். "அம்மா, தாழ்ப்பாள எடுத்துட்டேன், கதவு வரமாட்டேங்கு!" ஒரே அழுகை. வீட்டு முன்பக்கத்தில் இருக்கும் எங்கள் கடையிலிருந்து என் கணவர் ஓடிவந்து கடப்பாரையால் நெம்பினார். கதவு நிலை சாய்ந்திருக்கிறது. மேலே சுவரில் விரல் நுழையும் விரிசல்.

"இன்னைக்கே கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்போம்" என்றேன்.

"ஏளா, சும்மா இரு. கட்டி முடிச்சா கீழ்த்தளத்துல நமக்கு ஒரு கடை தாரேன்னு சொல்லியிருக்காங்க. மனு குடுத்தா தருவானா?"

எப்போது பேசினார்கள்? கேட்டேன். கடப்பாரையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மீனா பள்ளிக்கு லேட்.

17, வெள்ளி

கம்பெனி இஞ்சினியர் வந்தார். விரிசலில் சிமெண்ட் பூசச் சொன்னார். "பழைய வீடுன்னா இப்படித்தான் மேடம்." என் கணவர் கடையிலிருந்து அவருக்குக் கூல்டிரிங்ஸ் உடைத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா சாமான்களை வேனில் ஏற்றினாள். பெரியதாழையில் தம்பி வீட்டுக்கு. "ஏளா, புள்ளையக் கூட்டிட்டு எங்கனயாவது போயிரு. படுத்தா தரை நடுங்குது, ஒனக்குத் தெரியலையா?"

தெரிகிறது. சொல்லத்தான் பயம்.

18, சனி

மீனாவோடு சாயர்புரம், தங்கை வீடு. இவரையும் அழைத்தேன். "தீபாவளி வியாபாரத்த விட்டுட்டு எங்கன வர? நீங்க போங்க." முறுக்கு மாவை மறந்துவிட்டேன். இங்கே தரை நடுங்கவில்லை. ஆனாலும் தூக்கமில்லை.

22, புதன்

இரண்டு நாளாக நல்ல மழை. காலையில் எங்கள் தெரு டீக்கடைக்காரர் போன். "அக்கா, வீடு பின்னால சரிஞ்சுட்டு. அண்ணாச்சி கடையில இருந்தாவ, ஒண்ணும் ஆகல."

மீனாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

சமையலறை இல்லை. குளியலறை இல்லை. மீனா படுக்கும் அறையில் பாதி. அவள் கட்டில் பள்ளத்துக்குள், செந்தண்ணீரில் கால்கள் மேலே. தெருவெல்லாம் செல்போன் பிடித்த கைகள்.

இவர் கடை வாசலில் நனைந்து நின்றார். கம்பெனி ஆள் குடை பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார். "கடை உங்களுக்கு உண்டு அண்ணாச்சி. கேஸு கீஸுன்னு போயிராதீங்க."

"சரி சார்." கைகூப்பினார்.

"புள்ள கட்டிலப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். இவர் கம்பெனி ஆளின் குடைக்குள் நகர்ந்துகொண்டார்.

நேரே போலீஸ் ஸ்டேஷன். கம்பெனி மேல் புகார் எழுதிக் கொடுத்தேன். ஏட்டம்மா வாங்கிப் படித்தார். கணவர் பெயர் கேட்டார். சொன்னேன்.

"அவரு வரலையா?"

"வரல."