அப்பா கனைத்தால் என் உடம்பு

8.7.85, திங்கள்

என்னை எடுத்துவிட்டார்கள், மெட்ராஸ் மாலதி டீச்சரின் புது டான்ஸில் நானும் ஒருத்தன், சனிக்கிழமை சாயந்தரம் எங்கள் காலேஜ் ஹாலில் மேடை!

காற்று பலம். சமயநல்லூர் ஸ்டாப்பில் கண் நிறைய மண். கவலை இல்லை. சினிமா பார்த்து, சலூன் கண்ணாடி முன்னால் ஆடிக் கற்றவனுக்கு வேறென்ன வேண்டும்.

ஆனால் பாட்டு கிடையாதாம். சலங்கையும் இல்லை. டான்ஸின் பெயரே ‘பயம்’. “பயந்தா உங்க உடம்பு என்ன செய்யுது? அதை மட்டும் செய்யுங்க” என்றார் டீச்சர். என் கிளாஸ் பாண்டி கரப்பான்பூச்சிக்குப் பயந்து மேஜை மேல் ஏறினான். தேவலையாம். நான் மூன்று சுற்று சுற்றித் தரையில் விழுந்தேன்.

“இது சினிமா” என்றார்.

9.7, செவ்வாய்

முழங்கை வீக்கம். தைலம்.

ரிகர்சல் இடைவேளை. வராந்தாவில் கைலியை மடித்துக் கட்டி, கையில் பீடி. பின்னால் ஒரு கனைப்பு. அசல் அப்பா கனைப்பு. கைலி தானாக இறங்கியது. பீடி முதுகுக்குப் பின்னால். நெஞ்சு உள்ளே, தலை கீழே.

திரும்பிப் பார்த்தால் வாட்ச்மேன்.

ஜன்னலில் டீச்சர்: “அதேதான். திரும்பச் செய்யுங்க.”

பாண்டி: “மாப்ள, ஒங்கப்பா வந்தா நீ பாதியாப் போயிர்றடா.”

அதையே மெதுவாக. இன்னும் மெதுவாக. கடைசியில் தரையில் சுருண்டு, பிடரி மட்டும் வெளியே.

11.7, வியாழன்

திருச்சி மேடைக்கும் டீச்சர் கூப்பிடுகிறார். வீட்டுச் சம்மதம் வேண்டுமாம். அப்பாவிடம் நான் நேராக எதையும் கேட்டதில்லை. அம்மா வழியாகத்தான் எல்லாம். சோறு போடும்போது அம்மா சொன்னாள்.

அப்பா: “என்னத்த ஆடுறான்னு பாத்துட்டுச் சொல்றேன். சனிக்கெழம வாரேன்.”

போச்சு. அவருக்குப் பயப்படுவதை அவர் முன்னாலேயே ஆட வேண்டும். பாண்டியிடம் கரப்பான்பூச்சியை எனக்குத் தரச் சொன்னேன்.

“அம்புட்டு லேசாக் கெடைக்காது மாப்ள.”

13.7, சனி

ஆடிவிட்டேன்.

அப்பா மூன்றாவது வரிசை. கைலி இறங்கிய இடத்தில் ஹால் முழுக்கச் சிரிப்பு. எவனோ ஒருவன்: “ஏ, இவங்கப்பா வாராருடா.” அப்பா கனைத்தார். அதற்குப் பிறகு நான் சுருண்டது டான்ஸ் இல்லை. முன்வரிசையில் இரண்டு பேர் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார்கள். நல்ல கைதட்டல்.

அப்பாவோடுதான் பஸ்ஸில் திரும்பினேன். சமயநல்லூரில் இறங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டி, பீடி பற்றவைத்தார். டீக்கடைப் பக்கமிருந்து ஒரு கனைப்பு. பெரியப்பா.

அப்பாவின் வேட்டி இறங்கியது. பீடி பின்னால். நெஞ்சைக் காணோம்.

“பய கூத்தாடப் போறானாமேடா?”

“இல்லண்ணே. சும்மா, காலேசுல போட்டி.”

“ஜெயிச்சானா?”

“ஜெயிச்சுட்டாண்ணே.”

பெரியப்பா போகும்வரை பீடி விரலைச் சுட்டுக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதை அப்பா பார்த்தார். விரலை ஊதிக்கொண்டார்.

“திருச்சிக்கு என்னைக்குடா போகணும்?”

சொன்னேன்.

“போய்ட்டு வா. பெரியப்பனுக்குத் தெரிய வேணாம்.”