சர்க்கரைக் கரண்டி

பாம்பெர்க், நவம்பர் 3

அன்புள்ள அப்பா,

உங்கள் முட்டிவலி தேவலையா? நான் சுகம்தான். இங்கே குளிர் வந்துவிட்டது. என் கம்பளிக் காலுறைகளை அனுப்பிவையுங்கள்.

நேற்றும் பதினைந்து பேருக்குப் பழைய நகரைச் சுற்றிக் காட்டினேன். நாஜிகள் கொன்ற யூதர்களின் நினைவாக ஒரு வீட்டு வாசலில் பதித்திருக்கும் பித்தளைக் கல்லை வழக்கம்போல் வாசித்தேன்: "இங்கே வாழ்ந்தவர் ரோசா லீப்மன். 1942இல் நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்."

கூட்டத்தில் இருந்த டோய்ர்லைன் என்ற உள்ளூர்க் கிழவர் கைத்தடியால் கல்லைத் தட்டினார்.

"அதோட முடிச்சிட்டியேம்மா. அந்த யூதம்மாவ ரயில்ல ஏத்தின மறுவாரம் இதே வாசல்ல அவங்க வீட்டுச் சாமானையெல்லாம் ஏலம் போட்டாங்க. ஊரே வரிசையில நின்னுச்சு. எங்கப்பா ஒரு மேசைவிரிப்பு எடுத்தாரு. ஓரத்துல ஆர்.எல்.னு தச்சிருக்கும். இப்பவும் கிறிஸ்துமஸுக்கு அதத்தான் விரிக்கிறோம்."

நான் நகர்ந்துபோய்த் தேவாலயக் கோபுரத்தைக் காட்டினேன்.

தாத்தா அப்போது இந்த ஊர் ரயில் நிலையத்தில்தானே வேலை பார்த்தார்? அவர் காலத்திலிருந்தே நம் வீட்டில் இருக்கும் சர்க்கரைக் கரண்டியின் காம்பிலும் இரண்டு எழுத்துகள் உண்டு. சின்ன வயதில் நான் கேட்டபோது, "வாங்கும்போதே இருந்துச்சு" என்றீர்கள்.

இரண்டு மணிச் சுற்றுலாக் கூட்டம் வந்து காத்திருக்கிறது. காலுறை மெதுவாக வரட்டும். அந்த எழுத்துகளை மட்டும் பார்த்து எழுதுங்கள்.

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது அப்பா. ஆனாலும் பார்த்து எழுதுங்கள்.

கெசீனெ