பெரிய டாக்டரின் மூக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு கூத்து. எங்கள் பெரிய டாக்டர் கை கழுவி, கையுறை மாட்டி, ஒருவர் வயிற்றைத் திறக்கப் போகும் நேரத்தில் மூக்கைச் சொறிந்தார். ஏழு பேர் பார்த்தோம். ஆறு பேருக்கு உடனே கூரையில் ஏதோ வேலை வந்துவிட்டது.

"சார், கையுறையை மாத்திடுங்க" என்றேன்.

"நான் மூக்கைத் தொடவே இல்லையே."

"தொட்டீங்க சார்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

கத்தியைக் கொடுக்காமல், புதுக் கையுறையை விரித்துப் பிடித்தபடி நின்றேன். இருபத்தைந்து வருஷ அனுபவசாலி கடைசியில் ஊசிக்கு அழும் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து நாற்காலி காலி. பை வைக்க வசதியாக இருக்கிறது. அந்த ஆறு வாயில்லாப் பூச்சிகளோடு எனக்கு என்ன பேச்சு?

கழுவிக் கழுவிக் கை வெடித்திருக்கிறது. நீ குதிகால் வெடிப்புக்குத் தடவும் களிம்பு இரண்டு டப்பா அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதே. வேலை இருந்தால் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய், பாத்திரச் சத்தமாவது கேட்கட்டும்.

இன்று அந்த டாக்டருக்கே குடலிறக்க ஆபரேஷன், வேறொருவர் செய்கிறார். "அந்தக் கையுறைக்காரிதான் பக்கத்துல நிக்கணும்" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். ஊரார் வயிற்றுக்கு வராத பயம் தன் வயிறு என்றதும் வந்துவிட்டது. மயக்கத்தில் கிடப்பார், மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் மகள்