வண்டுக்கு வழங்கிய மன்னிப்பு

நெல்மணியும் நீர்த்துளியும் குறையாதிருக்க. கடலும் குன்றும் காவலாய் நிற்கும் வெண்குன்ற நாட்டின் பேரரசி, பகை தணித்த பாவை, பசித்தோர்க்கு அன்னை, எயினிமாதேவியார் பணித்தருள, கல்விக்கும் களஞ்சியத்துக்கும் பொறுப்புடைய அமைச்சர் நன்னாகனார் சொல்ல, ஓலைநாயகம் இளம்பூதன் எழுதியது. கழனிவாயில் கோட்டத்துத் தலைவர், ஏரிகளின் காவலர் ஆதன் அழிசியார் காண்க. உம் ஏரிகள் நிறைக, உம் ஆநிரை பெருகுக, உம் குடிகள் நோயற்று வாழ்க. அமைச்சர் சினத்தில் சொன்னவற்றுள் ஓலைக்குத் தகாத சொற்களை ஓலைநாயகம் விட்டுவிட்டான். அவற்றையும் எழுதியிருந்தால் இன்னொரு கட்டு ஓலை வேண்டியிருக்கும்.

உம் ஓலை வந்து சேர்ந்தது. கழனிவாயில் அரச கல்விச்சாலையின் மேல்வகுப்பு மாணவருக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை கோதை, முன்னோர் வகுத்த கருணை அறத்தைப் பழித்தாள் என்றும், ஆகவே அவள் வகுப்பைப் பூட்டிவிட்டீர் என்றும், வரும் பௌர்ணமிக்குள் அவளை நாடு கடத்த அரச முத்திரை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். அமைச்சர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வரியைப் படித்ததும் மறுபடி அடித்துக்கொண்டார். களஞ்சியத்து நெல்லை இனித் தின்னலாகாது என்று வண்டுகளுக்குப் பறையறைந்து அறிவித்ததாகவும், வண்டுகள் பணியவில்லை என்றும் அந்த வரி சொல்லிற்று. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று முனகியவாறே அவர் வண்டி பூட்டச் சொன்னார்.

அந்த அறத்தை அறியாதார் நம் நாட்டில் இல்லை. கொலைத்தண்டனையில் உயிர் தப்பியவனை மறுமுறை தண்டிப்பதில்லை. மாலையிட்டு வீட்டுக்கு அனுப்புவோம். மனிதர்க்கு வகுத்த இந்த அறத்தை உம் களஞ்சியத் தலைவர் பெருஞ்சாத்தனார் வண்டுக்கும் நீட்டியிருக்கிறார். அறுவடைதோறும் நெல் சேர்த்துவைக்கும் குதிர்களில் வேப்பிலையும் நொச்சியும் இட்டுப் புகை மூட்டுவார்கள். செத்த வண்டுகளைக் கூட்டித் தள்ளுவார்கள். புகைக்குச் சாகாமல் நெளிகின்ற வண்டுகளை மட்டும் பொறுக்கி, பூத்தூவி, சங்கூதி, தப்பிப் பிழைத்த தவசிகள் என்று வாழ்த்தி, மீண்டும் அதே குதிருக்குள் விடுவார்கள். முப்பாட்டன் காலத்திலிருந்து இது நடக்கிறது. இப்போது புகை மூட்டினால் மூட்டுகிறவர்தாம் இருமுகிறார், வண்டு இருமவில்லை. விதைநெல்லும் தவிடாகிறது. வண்டு சாகாதது ஏன் என்று கேட்டவர் கோதை ஒருவரே.

அவரும் இலேசில் கற்பித்துவிடவில்லை. உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாய் மாறி வந்ததைச் சொல்லும் பாடம் அது. வண்டு ஏன் சாகவில்லை என்று கேட்டால் வகுப்பு முழுவதும் ஒரே குரலாய், புகையைத் தாங்க அது பழகிக்கொண்டது என்றதாம். பழகவில்லை, பிறக்கும்போதே ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டிருந்தன, தாங்கக்கூடியவை மிஞ்சின, மிஞ்சியவற்றின் பிள்ளைகள் பெற்றோரைப் போலவே பிறந்தன என்று தொண்டை வற்ற விளக்கினார். தேர்வில் அத்தனை பேரும் வண்டு விடாமுயற்சியால் வென்றது என்றே எழுதிவைத்தார்கள். ஒருவன் முயற்சி திருவினையாக்கும் என்று மேற்கோளும் காட்டியிருந்தான். செவிடன் காதில் ஊதிய சங்காயிற்றே என்று கோதை அன்று சோறும் உண்ணவில்லையாம்.

பிறகுதான் அவர் பானைகளைக் கையில் எடுத்தார். புகையே போடாத மலைச்சிற்றூர் ஒன்றிலிருந்து வண்டுகளைக் கொணர்ந்து, ஒரு பானையில் அவற்றையும் மறு பானையில் களஞ்சியத்து வண்டுகளையும் இட்டு, இரண்டுக்கும் ஒரே அளவு புகை போடச் செய்தார். மலைவண்டுகள் கொத்துக்கொத்தாய் மாண்டன. களஞ்சியத்து வண்டுகளோ உலாப் போயின. மலைவண்டுகளில் தப்பிய சிலவற்றைத் தூய நெல்லில் வளரவிட்டு, அவற்றின் பிள்ளைகளுக்குப் புகை போட்டபோது பெரும்பாலானவை பிழைத்தன. அந்தப் பிள்ளைகள் அதற்குமுன் புகையைக் கண்டதே இல்லை. காணாத ஒன்றுக்கு எப்படிப் பழகும் என்று கோதை கேட்க, அன்றுதான் வகுப்பு பழகிக்கொண்டது என்ற சொல்லைத் தன் ஓலைகளில் அடித்தது. பெருஞ்சாத்தனாரின் முறையீடும் மறுநாளே உம் வாசலுக்கு வந்தது.

அமைச்சர் வந்தபோது நீர் வேட்டைக்குப் போயிருந்தீர். அவரே பூட்டைத் திறக்கச் செய்து மாணவரோடு அமர்ந்தார். பானைகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், ஆக இந்த வண்டுகள் நாளடைவில் அறிவு பெற்றுவிட்டன என்று தீர்ப்பும் சொன்னார். கோதை கண்ணை மூடிக்கொண்டார். முன்வரிசையிலிருந்த வெண்ணி என்னும் மாணவி எழுந்து சொன்ன விடையை, ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதச் சொல்லியிருக்கிறார் அமைச்சர்: “வண்டு ஒண்ணும் செய்யலைங்க ஐயா. சாகுறதைக் கொன்னு, சாகாததைப் பூப்போட்டு வளர்த்தது நாமதான்.”

அமைச்சருக்கு முகம் சிவந்தது. ஆயினும் உண்மைக்கு முன் வீம்பு பிடிக்கும் வழக்கம் அவருக்கில்லை. விளங்கிற்று என்று ஒப்புக்கொண்டார். அங்கே வந்து நின்ற பெருஞ்சாத்தனாருக்கோ தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வண்டுகள் திருந்தாததற்குப் பூப் போதாமையே காரணம், அடுத்த முறை தாமரை தூவலாம் என்றார். அவரோடு பேசுவது வீண் என்று அமைச்சர் ஏனைய வகுப்புகளைப் பார்க்கப் போனார்.

பெரிய கேட்டை அங்கேதான் கண்டார். ஆசிரியர்கள் வரிசையாய் நின்று வணங்கினார்கள். அவர் எது சொன்னாலும் தலையாட்டினார்கள். ஐயம் கொண்டு, காகம் தண்ணீருக்குள் முட்டையிடும் என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தார். அதற்கும் தலையாட்டினார்கள், ஒருவர் மாணவர்களைக் குறித்துக்கொள்ளவும் சொன்னார். தலையாட்டாத ஆசிரியர் இந்தச் சாலையில் இருந்ததே இல்லையா என்று கோதையிடம் கேட்டார். இருந்தார்கள் என்றும், ஏன் என்று கேட்டவரை எல்லாம் முறையீடு வந்த அன்றே கோட்டம் வேலையை விட்டு அனுப்பிவிட்டது என்றும், தலையாட்டியவர்களே மிஞ்சினார்கள் என்றும், தாம் போய்விட்டால் சாலை முற்றும் அமைதியாகிவிடும் என்றும் அவர் விடை சொன்னார். தமக்காக அவர் கெஞ்சவில்லை. ஆண்டுத்தேர்வு முடியும்வரையேனும் இந்த வகுப்பை நடத்தவிடுங்கள் என்பதே அவர் கேட்டது.

ஆகவே பேரரசியார் ஆணை இது. கோதை தம் பணியில் நிலைத்திருப்பார்; வகுப்பின் பூட்டை நீரே உம் கையால் ஏரியில் எறிவீராக. வண்டுக்குரிய மன்னிப்பு இன்றோடு ஒழிந்தது. குதிர்களை முற்றும் வெறுமையாக்கி, வெயிலில் காயவைத்து, மாணவர் சொல்லும் முறைப்படி விதைநெல்லைக் காப்பீராக. பெருஞ்சாத்தனார் மேல்வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து பாடம் கேட்பார். வெண்ணியின் கேள்விகளுக்குச் சரியாய் விடை சொல்லும்வரை அவர் களஞ்சியச் சாவியைத் தொடலாகாது. கோட்டம் அனுப்பிவிட்ட ஆசிரியர்களை எங்கிருந்தாலும் தேடி, பல்லக்கு அனுப்பி அழைத்து வருக. வர மறுப்பாரின் காலில் நீரே சென்று விழுக.

இவ்வோலை முத்திரைக்கு முன் பேரவையில் படிக்கப்பட்டது. ஏனைய அமைச்சர்களும் தளபதியரும் புலவரும் ஒருசேரத் தலையாட்டினார்கள். பேரரசியார் அவர்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தார். “கழனிவாயிலில் ஆசிரியர்க்குப் புகை போட்டது அழிசி. இங்கே இத்தனை நாளாய்ப் புகை போட்டது நான்தானே?” என்று கேட்டார்.

அதற்கு மட்டும் ஒரு தலையும் ஆடவில்லை.

ஆணை நிறைவேறுக. அரக்கு காயுமுன் ஓலை புறப்படுக. வேங்கைப்பூ முத்திரை.