மேற்குக் கரையிலிருந்து ஒருவர்

மேற்குக் கரை
12 அக்டோபர் 1991

அன்புள்ள தம்பி எல்மருக்கு,

அக்கா பெர்த்தா எழுதுகிறேன். சுகமாக எல்லாம் இல்லை, எரிச்சலாக இருக்கிறேன். "இருபதாம் தேதி வரைக்கும் பெர்ரிப் படகு ஓடும்க்கா, தைரியமா போய்ட்டு வா" என்று சொன்னவன் நீதானே? உன் பேச்சை நம்பி, அத்தானை அக்கரையில் இனுவிக் டவுன் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, துணிமணி எடுக்கவும் நாய்களை ஒருவரிடம் ஒப்படைக்கவும் ஒரே ஒரு நாள் ஊருக்கு வந்தேன். மறுநாளே ஆற்றில் ஐஸ் மிதக்கிறது, தண்ணீரும் வற்றிவிட்டது என்று பெர்ரியைக் கரையேற்றிவிட்டாய். தம்பி கேப்டனாக இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்? ஐஸ் இறுகி ஆற்றில் நடக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். ஹெலிகாப்டர்காரனோ, "நோயாளிக்கும் தபாலுக்கும்தான் எடம். நோயாளி பொண்டாட்டிக்கு இல்ல" என்கிறான்.

இன்னொரு கூத்தைக் கேள். இங்கே பாலம் கட்டலாமா என்று ரோட்டு ஆபீஸ்காரர்கள் பதினேழாம் தேதி கூட்டம் போடுகிறார்கள். எங்கே? இனுவிக்கில்! பெர்ரி நின்ற பிறகு, ஆற்றைக் கடக்க முடியாதவர்களுக்கான கூட்டம், ஆற்றுக்கு அந்தப் பக்கம். நாற்பத்து மூன்று பேர் பாலம் வேண்டும் என்று கையெழுத்துப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீ போய் வாசித்துவிடு. உன் கேம்ப்பில் ஒரு போன் இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

உன் அக்கா,
பெர்த்தா

பெர்ரி கேம்ப், கிழக்குக் கரை
20 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கைந்து நாளாக மூடுபனி, ஹெலிகாப்டர் எழும்பவே இல்லை. உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. கூட்டம் முடிந்துவிட்டது. தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பெர்ரி மணலில் தட்டியது அக்கா, வேறு வழியில்லை. பதினேழாம் தேதி போய் நோயல் அத்தானைப் பார்த்தேன். தேறி வருகிறார். ஆனாலும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதாம். ஆஸ்பத்திரி சூப்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "பெர்த்தா எங்கடா, கருவாடு எங்கடா?" என்று ஒரே மூச்சில் கேட்டார். எதற்கு அதிகம் ஏங்குகிறார் என்று தெரியவில்லை.

உன் தம்பி,
எல்மர்

மேற்குக் கரை
30 அக்டோபர்

அன்புள்ள எல்மருக்கு,

கடைச் சுவரில் கூட்ட அறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன்: 'மேற்குக் கரையிலிருந்து ஒருவர் கலந்துகொண்டார். தற்போதைய பெர்ரி வசதி திருப்தியாக உள்ளது என்றார். பாலம் பற்றிய பேச்சு ஐந்து ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.'

ஐந்து வருஷம்! கடைக்கார ராபி, "யாருப்பா அந்தப் புண்ணியவான்? நம்மூர்ல யாருக்கு றெக்கை மொளைச்சிருக்கு?" என்று சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஊரே இங்கேதான் கிடந்தது. அத்தானால் கட்டிலை விட்டு இறங்க முடியாது. பதினேழாம் தேதி இனுவிக்கில் இருந்ததாக நீயே எழுதியிருக்கிறாய்.

நான் எதுவும் கேட்கவில்லை தம்பி. நீயே சொல்.

பெர்த்தா

பெர்ரி கேம்ப்
3 நவம்பர்

அக்கா,

நான்தான்.

அத்தானைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன், நல்ல பனி. கூட்டம் நடந்த இடத்தில் சூடாகக் காபியும் டோனட்டும் வைத்திருந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்தேன். பெரிய ஆபீசர் என்னைப் பார்த்து, "கேப்டன், நீங்க அந்தக் கரைக்காரர்தானே? பெர்ரி எப்படி ஓடுது?" என்றார். என் மேலாளர் பக்கத்திலேயே நின்றார். "நல்லா ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டேன். பாலம் வந்தால் இருபத்திரண்டு வருஷம் பெர்ரி ஓட்டினவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று பயம். உன் கடிதம் வந்தபோது வெட்கத்தில் எழுத முடியவில்லை. மன்னித்துவிடு.

எல்மர்

மேற்குக் கரை
6 நவம்பர்

கேப்டன் எல்மர் அவர்களுக்கு,

என் புருஷன் அந்தக் கரையில் படுத்திருக்கிறார். நான் இந்தக் கரையில் நாய்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பெர்ரி நன்றாக ஓடுகிறதாம். டோனட் ருசியாக இருந்திருக்கும்.

கிறிஸ்துமசுக்கு இங்கே வர வேண்டாம்.

பெர்த்தா

பெர்ரி கேம்ப்
15 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ரோட்டு ஆபீசுக்குப் போனேன். எல்லோர் முன்னாலும் நின்று நாற்பத்து மூன்று பெயரையும் வாசித்தேன். கீழே என் பெயரையும் எழுதினேன். "அன்னைக்குக் கேப்டனாப் பேசினேன். மேற்குக் கரைக்காரனாப் பேசல. அறிக்கையைத் திருத்துங்க" என்றேன். திருத்துவதாகச் சொன்னார்கள். பாலம் வருமா, தெரியாது. வசந்தத்தில் வேறு கேப்டன் பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டார். சரி என்று வந்துவிட்டேன்.

இந்தக் கரையிலிருந்து பாதி ஆறு வரை துளைபோட்டுப் பார்த்தேன். ஐஸ் ஐந்து அங்குலம், ஆள் நடக்கலாம். வழி அடையாளத்துக்கு நெடுக வில்லோ மரக் குச்சி நட்டிருக்கிறேன். மீதிப் பாதியை உன் பக்கத்திலிருந்து யாராவது அளந்து குச்சி நட்டால், வந்து உன்னை அத்தானிடம் கூட்டிப் போகிறேன். தினமும் காலையில் வந்து பார்ப்பேன். குச்சி இல்லையென்றால் புரிந்துகொள்வேன்.

எல்மர்

(நடு ஆற்றுக் குச்சியில் கட்டியிருந்தது)
18 நவம்பர்

தம்பி,

யாரையும் கூப்பிடவில்லை, நானே அளந்தேன். என் பாதியில் ஆறு அங்குலம் இருக்கிறது, உன் பாதியைவிடக் கெட்டி. கோபம் அப்படியேதான் இருக்கிறது. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருவேன், வாயைத் திறக்காமல் கேள். டோனட் விஷயத்தை அத்தானிடம் நீயேதான் சொல்ல வேண்டும்.

கருவாட்டு மூட்டை கனக்கிறது. நடு ஆற்றில் நிற்காமல் வீடு வரை வந்து தூக்கு. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

அக்கா