திங்கட்கிழமைக் குளிர்

மார்ச் 3, திங்கள்

மறுபடியும் குளிர். பித்தளைப் பட்டறையிலிருந்து வந்ததும் பல் கிட்டிக்கொண்டது. "வாயெல்லாம் தித்திக்குது" என்றேன். "எதைக் குடிச்சீங்க?" என்று கேட்டு, போர்வைக்குள் குனிந்து என் வாயை மோந்து பார்த்தாள் இவள். கட்டிய மனைவி! சீ. ஒரு சொட்டு தொட்டவனில்லை நான்.

"ஞாயித்துக்கிழமை குடிச்சா திங்கக்கிழமை இப்படித்தான் நடுங்குமாம். அண்ணன் சொல்லுச்சு."

அவள் அண்ணன்தான் பட்டறை முதலாளி. என் அருமை மச்சான்.

மார்ச் 4

காலையில் காய்ச்சல் வந்த சுவடே இல்லை. எனக்குச் சாட்சி சொல்ல என் உடம்புகூட வராது.

மார்ச் 6

எழுதியாவது வைக்கிறேன். செம்பு உருகுகிற சூட்டில் துத்தநாகம் கொதித்தே போய்விடும். அதனால் செம்பை முதலில் மூசைக் குடுவையில் உருக்கி, கண்ணாடித் தூள் தூவி மூடி, துத்தநாகக் கட்டியை இடுக்கியால் அடிவரை அமுக்க வேண்டும். உள்ளே நின்றது செம்போடு கலந்து பித்தளையாகும். தப்பியது பச்சையாய் எரிந்து, வெள்ளைப் புகையாகி, பஞ்சு பஞ்சாக இறங்கும். இமையில், மூக்கில், தொண்டையில். வாரம் முழுக்க விழுங்கினால் உடம்பு பழகிக்கொள்கிறது. ஞாயிறு ஒரு நாள் நல்ல காற்று பட்டால் பழக்கம் விட்டுப்போகிறது. திங்களன்று குளிர். இதை யாரிடம் சொல்ல?

புகை இழுக்கிற விசிறி கெட்டு மாதக்கணக்காகிறது. கேட்டால் மச்சான் பால் அனுப்புகிறார். "பால் குடிச்சா புகை ஏறாது மாப்ளே." பாலாடை மேல் அதே வெள்ளைப் பஞ்சு மிதக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பூட்டியிருந்த பட்டறையைத் திறந்து, தனியாக ஒரு மூசை உருக்கி, அந்தப் புகையை வேண்டுமென்றே இழுத்துவிட்டு வந்தேன். நாளைக்கு நடுங்காமல் இருக்கத்தான். முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், கழுவியதே குற்றமாகிவிட்டது.

"லீவு நாள்ல எங்க போயிட்டு வர்றீங்க?"

மோந்து பார்த்தாள். என்ன பொழப்புடா இது — தூ!

மார்ச் 10

குளிரவில்லை. "இந்த வாரம் குறைச்சுக்கிட்டீங்களோ?" என்கிறாள்.

மார்ச் 17, திங்கள்

நேற்று பட்டறைக்குப் போகவில்லை. நடுங்கினால் நடுங்கட்டும் என்றிருந்தேன்.

இன்று பெரிய ஆர்டர்க்காரர் வந்தார். மச்சான் புதுச்சட்டையோடு வந்து இடுக்கியைப் பிடுங்கினார். "தள்ளுங்க மாப்ளே, நானே காட்டுறேன்." துத்தநாகத்தை மேலாகப் போட்டார். அமுக்கச் சொன்னேன். "எனக்கே பாடமா?" பட்டறையே வெளுத்துப்போனது. வந்தவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார். நானும் வாசலுக்கு நகர்ந்துவிட்டேன். மச்சான் மட்டும் வீம்புக்கு உள்ளேயே நின்று அடுத்தடுத்து மூசை ஏற்றினார். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷமும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

மாலையில் அவர் வீட்டிலிருந்து போன். இவள் போட்டது போட்டபடி ஓடினாள்.

மார்ச் 18

காலையில்தான் திரும்பினாள். "எத்தனை போர்வை போட்டும் அண்ணனுக்கு நடுக்கம் நிக்கல." செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னாள். "வாய் தித்திக்குதுன்னு சொல்லுச்சு." பிறகு, மெதுவாக, "மோந்து பாத்தேன்."



மார்ச் 24, திங்கள்

புது விசிறி ஓடுகிறது. பால் நின்றுவிட்டது. குளிரும் இல்லை.

மாலையில் உட்கார்ந்திருந்தேன். இவள் என் முகத்தருகே குனிந்தாள். பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து காட்டினேன். அவள் என் தலையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பஞ்சைத் தட்டிவிடத்தான் குனிந்திருக்கிறாள். நீட்டிய கை அப்படியே நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.