வேன் படியில் பண்டோங், குவளை விளிம்பில் குளவி

என் அருமை மச்சான் பாலாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் மழையா வெயிலா தெரியவில்லை. இங்கே புக்கிட் பெருந்துங்கில் காலையில் வெயில், சாயங்காலம் மழை, நீ விட்டுப் போன மாதிரியேதான். நான் நலம். மேல் உதடு மட்டும் இன்னும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாலு பேர் படிக்கப் போகும் கடிதம், பெருமை அடிக்காதீர்கள் மாமா என்று உன் மகள் தேவி கண்டித்திருக்கிறாள். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன் நான். எல்லாப் பாடத்தையும் இரண்டு தடவை படித்ததால் அது பன்னிரண்டுக்குச் சமம். எதை எழுதலாம், எதை விடலாம் என்று எனக்குத் தெரியாதா?

உன் வீட்டு வேன் நன்றாக இருக்கிறது மச்சான். ஆட்களை ஏற்றிய பழைய தொழிற்சாலை வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிப் போட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஓடும் வீடாக நாம் இருவரும்தானே கட்டினோம்? ஆணி எடுத்துக் கொடுத்தது மட்டும்தான் நான் என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். ஆணி இல்லாமல் எது நிற்கும்?

நீ போன நாளிலிருந்து அது மாமரத்தடியிலேயே நின்றது. என் தங்கை சரசு அதில் ஏறவே இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் உன் குவளையில் பண்டோங் கலந்து, அதாவது ரோஜா சிராப்பில் பாலை ஊற்றி, நீ ஒளித்துக் குடித்த அளவுக்குச் சீனியும் போட்டு, வேன் படியில் வைப்பாள். கும்பிடுவாள். வந்த வழியே வீட்டுக்குள் போய்விடுவாள். அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் போன வாரம் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஞாயித்துக்கெழம சுங்கை செம்பிலாங் போலாமாண்ணே? வேன்லயே."

தேவியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீ தூண்டில் போட்டு உட்காரும் கடற்கரை. ஒரு தடவை தள்ளிப் போட்டால் அவள் மறுபடி வாய் திறப்பாளா? உன் சம்சாரத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

மறுநாள் தேவி வேனைத் துடைக்கப் போனாள். வேனின் பக்கவாட்டில் சுருட்டிக் கட்டியிருந்த கேன்வாஸ் கூரையை இழுத்தாள். இழுத்த வேகத்தில் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். உள்ளே குளவிக் கூடு. என் தலை அளவு. தேவி தேங்காய் அளவு என்கிறாள். அவள் ஓடியவள், நான் நின்று பார்த்தவன். ஒவ்வொரு குளவியும் சிட்டுக்குருவி மாதிரி.

"பொம்பாவக் கூப்டுவோம் மாமா. தீயணைப்புக்காரங்க வந்து எடுத்துருவாங்க."

"எதுக்குலா? அவங்களுக்கே நான்தான் சொல்லிக் குடுக்கணும்."

வியாழக்கிழமை சாயங்காலம், எல்லாம் கூட்டில் அடங்கிய பிறகு இறங்கினேன். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், மழைக்கோட்டு, உன்னுடைய ரப்பர் சப்பாத்து. பழைய தகரத்தில் தேங்காய் மட்டையைக் கொளுத்தினேன். சாமி மாடத்திலிருந்து இரண்டு பிடி சாம்பிராணியும் போட்டேன். போகிற உயிர் மணத்தோடு போகட்டுமே. புகை அடுத்த ஊரான ராசா வரைக்கும் தெரிந்திருக்கும். பக்கத்து வீட்டுச் சீனர் தீ என்று நினைத்துத் தண்ணீர்க் குழாயோடு ஓடி வந்து, குளவியை விட்டுவிட்டு என்னை நனைத்தார். அந்தக் குழப்பத்தில்தான் ஹெல்மெட்டுக்குள் ஒரு பட்டாளம் நுழைந்தது. ஒன்றே ஒன்றுதான் என்கிறாள் தேவி. உள்ளே இருந்தது அவள் உதடா, என் உதடா?

ஆனாலும் விடவில்லை மச்சான். குளவிகள் கலைந்ததும் கூட்டைத் தட்டிப் பைக்குள் கட்டினேன். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் காற்றுத் துளைகளுக்குக் கம்பி வலை அடித்தேன். சரசு வாசலில் நின்று என் உதட்டைப் பார்த்தாள். மஞ்சள் அரைத்துக் கொண்டு வந்து தடவினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பார்க்கிறேன், திரும்ப வந்துவிட்டன. கூட்டுக்கு இல்லை. உன் குவளைக்கு. விளிம்பைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்து, கல்யாண வீட்டில் முதல் பந்தி மாதிரி பண்டோங் குடிக்கின்றன.

தேவி மெதுவாக ஆரம்பித்தாள். "அம்மா, இந்த இனிப்புக்குத்தான் வருதுங்க. கொஞ்ச நாளைக்கு வைக்காம…"

"கூட்டை எடுத்தீங்க, நான் ஏதாவது சொன்னேனா? குடிக்க வர்றதையும் வெரட்டணுமா?" சரசுவின் குரல் உடைந்தது. "மத்தவங்க வீட்டுல காக்கா வரும். எனக்கு ஒரு காக்கா வரல. இதுதான் வருது. உங்கப்பாவ வெரட்டிட்டு எந்தக் கடலுக்குப் போறது? நான் வரல."

கதவைச் சாத்திக்கொண்டாள். தேவி அழுதாள். எனக்கும் உதட்டு வலி போன இடம் தெரியவில்லை. படித்தவர்கள் சொன்னால் சண்டை வரும் இடத்தில் யார் போய்ப் பேசுவது? நான்தான்.

சனிக்கிழமை காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த சரசுவிடம், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ராத்திரி நீ என் கனவில் வந்ததாகச் சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது.

"என்ன சொன்னாரு?"

நான் உன்னை மாதிரியே ரெண்டு தடவை தொண்டையைச் செருமினேன். நீ ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டேன். "'டேய் மணியம், இங்க வந்தும் எனக்கு சுகர் ஏறுதுடா. டாக்டர் திட்டுறாரு. சரசம்மாகிட்ட சொல்லு, இனிமே தே ஓ கோசோங் போதும், பாலு சீனி இல்லாத வெறும் தேத்தண்ணி. அந்தப் பண்டோங்க நான் எங்க குடிச்சேன்? குளவிங்கதான் குடிக்குதுங்க. நான் செம்பிலாங்ல காத்துக்கிட்டு இருக்கேன், வெளங்குதாலா?'"

சரசு கேத்தலைக் கீழே வைத்தாள். "அங்கயும் டாக்டரு இருக்காராண்ணே?"

"நம்மூரு டாக்டர்தான். போன மாசம் தவறிட்டாரு இல்ல?"

அவள் எழுந்து போய்ப் படியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். குவளையில் கறுப்பாகக் கோசோங் வைத்தாள். ஒரு குளவி வந்து, முகர்ந்து பார்த்துவிட்டு, நம்மை ஏமாற்றிவிட்டார்களே என்கிற மாதிரி போனது. அதன் பிறகு எதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவிதான் ஓட்டினாள். நான் வழி சொன்னேன். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், நீ ஹார்ன் அடிக்கும் அதே வளைவில் அவளும் ஹார்ன் அடித்தாள். சரசு உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடற்கரையில் வேனை நிறுத்திக் கேன்வாஸை விரித்தோம். நிழல் விழுந்தது. தலைக்கு மேல் ஒரு ரீங்காரமும் இல்லை.

அப்போதுதான் அவள் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். பண்டோங்! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் இறங்கி, முழுவதையும் கடலில் ஊற்றினாள்.

"சரசு, அவருதான் கோசோங்னு சொன்னாரே?" என்று கரையிலிருந்து கத்தினேன்.

"அந்த மனுசன் கனவுல கூட கோசோங் கேக்க மாட்டாருண்ணே. அவரு கூட குடும்பம் நடத்துனது நீயா, நானா?"

"அப்ப ஏன் நேத்தே சொல்லல?"

ஈரக் காலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ தொண்டையச் செருமுனல்ல. அவரு சத்தம் அப்படியே இருந்துச்சு. எங்க நீ நிறுத்திருவியோன்னுதான் பேசாம இருந்தேன்." சேலை நுனியைப் பிழிந்துகொண்டே, "இன்னொரு தடவ சொல்லேன்" என்றாள்.

சொன்னேன் மச்சான். ரெண்டு தடவை செருமி, ஸ்டியரிங் பிடித்து, முதலிலிருந்து. இந்தத் தடவை டாக்டரையும் பேச வைத்தேன். சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். தேவி எழுந்து வேனுக்குப் பின்னால் போய்விட்டாள்.

ஆகவே உனக்கு என் வாக்கு இது. சரசு போகலாம் என்று சொல்லும் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் உன் வேன் கடலுக்குப் போகும். ஒரு குளவியைக்கூட அதில் குடியேற விட மாட்டேன். அவள் கேட்கும்போதெல்லாம் உன் குரலில் பேசுவேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டியும் சொல்வேன். நீ நிஜமாகவே அவள் கனவில் வந்தால், மணியம் சொன்னது எல்லாம் சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. அது போதும் எனக்கு.

உன் சரசுவுக்கு அண்ணனும், உன் தேவிக்கு ஒரே தாய்மாமனும், வேனில் பாதியைக் கட்டிய
உன் மச்சான்,
மணியம்